4507-க்கு அடுத்து என்ன? மாடுலர் சேசிஸா, ஸ்டாக்கா? (கோவை, 240 போர்ட்)

நொய்யல்கரை, திங்கள் காலை 10.40

வணக்கம். கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஐடி பொறுப்பில் இருக்கிறேன். அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தள ஹப் ரூமில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 4507ஆர்+இ ஸ்விட்ச் ஒன்று 2012 முதல் ஓடுகிறது, கார்டுகளைச் செருகும் சேசிஸ் வகை. ஏழு ஸ்லாட்டில் இரண்டு சூப்பர்வைசர் (பெட்டியை இயக்கும் மூளைக் கார்டு), ஐந்து 48 போர்ட் கார்டு. மொத்தம் 240 போர்ட். மூன்று தளங்களின் கேபிளும் அந்த ஓர் அறைக்கே வருகிறது. இரண்டு ஷாப் ஃப்ளோருக்கும் ஃபைபர் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது. சர்வர்களும் ஃபயர்வாலும் அதிலேயே.

இந்த வரிசையின் விற்பனையை 2020-இல் நிறுத்தினார்கள். 2025 அக்டோபரோடு ஆதரவும் முடிந்தது. ஆடிட்டில் எழுதிவிட்டார்கள், மார்ச்சுக்குள் மாற்ற வேண்டும். கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று கேட்டலிஸ்ட் 9407ஆர், இரண்டு சூப்பர்வைசருடன். மற்றொன்று அருபா சிஎக்ஸ் 6405, இரண்டு மேனேஜ்மென்ட் மாட்யூலுடன் (சூப்பர்வைசரைப் போன்றது). இரண்டிலும் ஐந்து கார்டு போடலாம், அதே 240 போர்ட். 9407ஆர் ரேக்கில் 10 யூ (ரேக்கின் உயர அலகு) பிடிக்கும், 6405 அதைவிடச் சிறியது.

இரண்டில் எதை எடுக்கலாம்? டேட்டாஷீட் எல்லாம் படித்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பேட்ச்பேனல், திங்கள் காலை 11.25

சென்னையில் இன்ஸ்டலேஷன் வேலையில் இருக்கிறேன். இரண்டு பெட்டியையும் நிறுவியிருக்கிறேன். டேட்டாஷீட்டில் எளிதில் கண்ணில் படாத ஒரு வேறுபாட்டை முதலில் சொல்கிறேன்.

9400 வரிசையில், பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் சிப் சூப்பர்வைசரில்தான் இருக்கிறது. போர்ட்கள் இருக்கும் லைன் கார்டுக்கு அந்த மூளை கிடையாது. ஒரே கார்டில் 5-ஆம் போர்ட்டிலிருந்து 6-ஆம் போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்கூட சூப்பர்வைசர் வரை போய்த்தான் திரும்பும். உங்கள் 4507-உம் இப்படித்தான். அதனால்தான் ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபிபிஎஸ் என்ற கணக்கு இங்கே முக்கியமாகிறது. பழைய சூப் 7-இ ஒரு ஸ்லாட்டுக்கு 48 தந்தது. 9400-இல் முதலில் வந்த சூப்-1 ஒரு ஸ்லாட்டுக்கு 80 தரும். 48 போர்ட் ஒரு ஜிகா கார்டுக்கு அதுவே தாராளம். 48 போர்ட்டும் 10 ஜிகா வரை பல வேகங்களில் ஓடும் மல்டிகிக் என்றால் 480 வேண்டும், அதற்கு சூப்-2எக்ஸ்எல் வாங்க வேண்டும். உங்கள் கொட்டேஷனில் எந்த சூப்பர்வைசர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டி ஒன்றுதான், உள்ளே போகும் சூப்பர்வைசரைப் பொறுத்து அது வேறு பெட்டியாகிவிடும்.

அருபா 6400 வேறு மாதிரி. பாக்கெட்டை அனுப்பும் சிப் ஒவ்வொரு கார்டிலும் இருக்கிறது. மேனேஜ்மென்ட் மாட்யூலில் அப்லிங்க் (மற்ற ஸ்விட்சுக்கு ஏறும் இணைப்பு) போர்ட் இல்லை, கார்டிலேயே 48 செம்பு போர்ட்டோடு ஃபைபருக்கான நான்கு எஸ்எஃப்பி குழி வரும். 9400-இல் அப்லிங்க் சூப்பர்வைசரில் இருக்கும். சூப்பர்வைசரைக் கழற்றினால் அதில் செருகியிருக்கும் அப்லிங்கும் சேர்ந்து போகும். ஃபைபரை இரண்டு சூப்பர்வைசருக்கும் பிரித்துப் போடாதவர்கள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்காலத்தில் வேகம் கூட்ட வேண்டுமென்றால், சிஸ்கோவில் சூப்பர்வைசரை மாற்றினால் பழைய கார்டுகளும் புதிய மூளையோடு ஓடும். அருபாவில் புதிய கார்டுதான் வாங்க வேண்டும். முதல் தலைமுறைக் கார்டையும் இரண்டாம் தலைமுறைக் கார்டையும் கலக்கும்போது எது எதனோடு ஓடும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

---

விலான்10, திங்கள் பகல் 12.10

அண்ணா, ஒரு கேள்வி. 2012-இல் இந்தச் சேசிஸ் வாங்கும்போது, "பெட்டி அப்படியே இருக்கும், கார்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்" என்று சொல்லியிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை கார்டு மாற்றினீர்கள்?

---

நொய்யல்கரை, திங்கள் பகல் 12.30

ஒன்றே ஒன்று, தம்பி. அதுவும் பழுதானதால் மாற்றியது. புதிய வகைக் கார்டு எதுவும் வாங்கவில்லை.

---

விலான்10, திங்கள் பகல் 12.55

அதைத்தான் சொல்ல வந்தேன். 4500 கார்டு எதுவும் 9400 பெட்டியில் ஏறாது, பவர் சப்ளையும் ஏறாது. ஒரே வரிசைக்குள் இருக்கும்வரைதான் கார்டு மாற்றும் வசதி. வரிசை முடிந்தால் எல்லாம் முடிந்தது. அந்த வசதிக்காகத்தான் காலிப் பெட்டி, சூப்பர்வைசர், பவர் சப்ளை என்று முதல் போர்ட்டின் விளக்கு எரிவதற்கு முன்பே பெரும் தொகையைக் கட்டுகிறோம்.

சேசிஸ் என்றால்தான் பலம் என்று நாம் நினைப்பது கேட்டலிஸ்ட் 6500 காலத்துப் பழக்கம். அது 1999-இல் வந்த பெட்டி. பின்னால் வந்த சூப்720, அந்தப் பெரிய பெட்டி முழுவதற்கும் சேர்த்து 720 ஜிபிபிஎஸ் தந்தது. இன்றைக்கு கேட்டலிஸ்ட் 9500-48ஒய்4சி என்ற 1 யூ பெட்டியில் 48 போர்ட் 25 ஜிகா, நான்கு போர்ட் 100 ஜிகா. போக்குவரத்து இரண்டு பக்கமும் எண்ணினால் 3.2 டிபிபிஎஸ். ரேக்கில் ஒரு யூ இடத்தில், அன்றைய பெட்டியைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

240 போர்ட்டுக்கு 48 போர்ட் தனிப் பெட்டியான 9300 ஐந்தைப் போட்டு, கேபிளால் இணைத்து ஒரே ஸ்விட்ச்போல ஓடும் ஸ்டாக்காகக் கட்டலாம், எட்டு வரை அனுமதி உண்டு. அருபா 6300 என்றால் பத்து வரை. ஜூனிப்பர் இஎக்ஸ்4400-உம் பத்து. ஒன்று செத்தால் 48 போர்ட்தான் போகும், மாற்றுப் பெட்டியை அலமாரியிலேயே வைத்திருக்கலாம்.

---

மருத்துவமனை_நெட், திங்கள் பிற்பகல் 3.15

மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். ஸ்டாக்கும் ஓட்டியிருக்கிறேன், இப்போது ஓடுவது சேசிஸ். தம்பி சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

ஸ்டாக்கில் ஃபர்ம்வேர் ஏற்றும் நாளை யோசித்துப் பாருங்கள். வழக்கமான முறையில் முழு ஸ்டாக்கும் ரீலோட் ஆகும். வார்டில் இருக்கும் போன், செவிலியரின் டேப், மானிட்டர் தகவல் அனுப்பும் கருவி எல்லாம் பல நிமிடம் அமைதி. பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே போகும் மின்சாரம்) போய் வந்தால் ஆக்சஸ் பாயின்டும் புதிதாக பூட் ஆக வேண்டும். எங்களுக்கு இரவு இரண்டு மணியும் வேலை நேரம்தான். இரண்டு சூப்பர்வைசர் உள்ள சேசிஸில் ஒன்றை ஏற்றி, மற்றொன்றுக்குக் கைமாற்றி, பிறகு முதலாவதை ஏற்றலாம். லைன் கார்டில் மின்சாரம் நிற்பதில்லை, படுக்கைப் பக்கத்துப் போனும் அணைவதில்லை. எல்லா வெர்ஷனிலிருந்தும் எல்லா வெர்ஷனுக்கும் இப்படித் தாவ முடியாது. நிறுவனம் வெளியிடும் பட்டியலில் அந்த ஜோடி இருக்க வேண்டும். அதைப் பார்த்துத் திட்டமிட்டால் பெரும்பாலும் முடிகிறது.

அப்புறம், எங்களுக்கு 350 கேபிளுக்கு மேல் ஒரே அறைக்கு வருகிறது. ஸ்டாக் என்றால் எட்டுப் பெட்டி, பதினாறு பவர் கேபிள், ஸ்டாக் கேபிள் வளையம். 9410ஆர் ஒன்றில் எட்டுக் கார்டு, 384 போர்ட், எல்லாம் முடிந்தது. எங்களுக்கு அது சரியான முடிவு, இன்றைக்கும் அதையே எடுப்பேன்.

நொய்யல்கரை சார், உங்களுக்கு ஞாயிறு விடுமுறை உண்டா? அதுதான் முதல் கேள்வி.

---

நொய்யல்கரை, திங்கள் மாலை 5.05

அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஷாப் ஃப்ளோர் இரண்டு ஷிஃப்ட், ஞாயிறு பராமரிப்பு மட்டும். மாதம் ஒரு ஞாயிறு நான்கு மணி நேரம் கேட்டால் தருவார்கள். ஆனால் வேலை நாளில் ஐந்து நிமிடம் நின்றாலும் என் போன் நிற்காது. டெஸ்ட் பெஞ்சில் ஓடும் ஒவ்வொரு பம்பின் அளவீடும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் டிஸ்பேட்சுக்கு அனுமதி. நெட்வொர்க் நின்றால் லாரி நிற்கும்.

---

மில்_ஐடி, திங்கள் இரவு 9.20

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருக்கிறேன். எங்களிடமும் அதே 4507ஆர்+இ தான். போன வருஷம் நடந்ததை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

பஞ்சுத் தூசி எங்கே போகும் என்று எங்கள் ஆலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் ரூம் கதவு இரண்டு வாரம் சரியாக மூடாமல் இருந்தது. ஃபேன் ட்ரேயில் பஞ்சு படிந்து, ஒரு சனிக்கிழமை மாலை விசிறி நின்றது. இந்தப் பெட்டியில் சூப்பர்வைசர் இரண்டு, பவர் சப்ளை இரண்டு, ஆனால் ஃபேன் ட்ரே ஒன்றுதான். வெப்பம் ஏறியதும் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. இரண்டாவது சூப்பர்வைசரால் எந்தப் பயனும் இல்லை.

ஏஎம்சி எடுத்திருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், ஒப்பந்தத்தில் மறுநாள் மாற்று என்று எழுதியிருந்தும் அவர்களிடம் ட்ரே இல்லை. வெளியூரிலிருந்து வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பெடஸ்டல் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்து, இரண்டு கார்டைக் கழற்றி, மிச்சத்தை ஓட்டினோம். சம்பள நாள் வேறு. நான் வீட்டுக்கே போகவில்லை.

9407ஆர் வாங்கினாலும் ஃபேன் ட்ரே ஒன்றுதான். உள்ளே பல விசிறி இருக்கும், ஒன்று நின்றால் மற்றவை வேகம் எடுக்கும், அது உண்மை. ஆனால் தூசி எல்லா விசிறியிலும் ஒரே மாதிரிதான் படிகிறது. காற்று முன்னிருந்து பின்னால் போகாது, பக்கவாட்டில் போகும். சுவருக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் நடுவே ஆறு அங்குலமாவது வேண்டும். நீங்கள் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறீர்களா? இரும்புத் தூசி பஞ்சைவிட மோசம்.

யாரிடம் வாங்கினாலும், ஃபேன் ட்ரே, சூப்பர்வைசர், பவர் சப்ளை மூன்றும் எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்பதுதான் கேள்வி. "இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறது" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

---

பேட்ச்பேனல், செவ்வாய் காலை 8.45

மில்_ஐடி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். இரண்டு சூப்பர்வைசர் இருக்கிறது என்பதும், இரண்டும் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் முதல் சூப்பர்வைசர் பழுதானது. இரண்டாவது ஏற்க வேண்டும், ஏற்கவில்லை. போய்ப் பார்த்தால் அது பூட் ஆகாமல் ஆரம்பத் திரையிலேயே நிற்கிறது. பழைய லாகைப் புரட்டினோம், எட்டு மாதமாக அப்படியே நின்றிருக்கிறது. ஏதோ ஒரு மின்தடைக்குப் பிறகு இரண்டிலும் சாஃப்ட்வேர் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் நெட்வொர்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சூப்பர்வைசருக்குப் பணம் கட்டி, எட்டு மாதம் ஒன்றோடு ஓட்டியிருக்கிறார்கள்.

சேசிஸ் வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கைமாற்றிப் பாருங்கள். பயந்து தள்ளிப்போட்டால் இரண்டாவதை வாங்காமலே இருக்கலாம்.

இனி நொய்யல்கரையிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் 240 போர்ட்டில் உண்மையில் எத்தனை உயிரோடு இருக்கிறது? செருகியிருக்கும் கேபிளை எண்ணாதீர்கள். ஒரு மாதம் மேக் அட்ரஸ் டேபிளை (எந்த போர்ட்டில் எந்தக் கருவி என்ற பட்டியல்) மணிக்கொருமுறை எடுத்து வைத்து எண்ணுங்கள். இன்டர்ஃபேஸில் "கடைசி இன்புட்" என்று காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம், ஹார்டுவேரிலேயே கடந்து போகும் பாக்கெட்டை அது கணக்கில் எடுப்பதில்லை.

---

மின்கட்டு, செவ்வாய் காலை 11.00

எலெக்ட்ரிகல் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். எத்தனை போன், எத்தனை ஆக்சஸ் பாயின்ட், எத்தனை கேமரா?

---

நொய்யல்கரை, செவ்வாய் பகல் 1.20

போன் 96, ஆக்சஸ் பாயின்ட் 38, கேமரா 40, ஷாப் ஃப்ளோரில் உள்ளவையும் சேர்த்து. எல்லாம் பிஓஇ. நல்லவேளையாக, மேக் டேபிள் எங்கள் மானிட்டரிங் சர்வரில் ஏற்கெனவே சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தை எடுத்து எண்ணிவிட்டு வருகிறேன்.

---

மின்கட்டு, செவ்வாய் பிற்பகல் 2.30

சரி, எல்லாம் இந்தப் பெட்டியிலேயே என்று வைப்போம். போனுக்கு 7 வாட் வைத்தால் 672. ஆக்சஸ் பாயின்ட் 25 வைத்தால் 950. கேமரா 10 வைத்தால் 400. மொத்தம் 2,022 வாட். விற்பவர் 240 போர்ட்டையும் 30 வாட்டால் பெருக்கி 7,200 வாட் சொல்லுவார், அதற்கேற்ற பவர் சப்ளையும் விற்பார். அது தேவையில்லை. ஆனால் நாளைக்கு 60 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட் போடுவீர்களா என்று யோசித்துவிட்டு எண்ணை உறுதி செய்யுங்கள். 2018-இல் வந்த பிஓஇ-யின் பிடி (802.3bt) தரம் 90 வாட் வரை போகிறது.

பெட்டி தனக்கென எடுப்பதை 1,000 வாட் என்று வைப்போம். ஆக 3,000 சொச்சம். 9407ஆர்-க்கு 3,200 வாட் பவர் சப்ளை ஒன்றே போதும் போலத் தெரியும். ஒன்று செத்தாலும் ஓட இரண்டு வேண்டும். அந்த இரண்டும் வேறு வேறு யூபிஎஸ்ஸிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் பவர் சப்ளை இரட்டை, யூபிஎஸ் ஒற்றை. ஒவ்வொன்றும் முழுச் சுமையில் 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் லைன், தனி எம்சிபி. சாதாரண கம்ப்யூட்டர் பவர் கேபிள் அதில் ஏறாது, சி19 என்ற வகைத் தலை வேண்டும். பெட்டி வந்து இறங்கிய நாளில் அந்தக் கேபிளைத் தேடி அலைபவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

செட்டிங்கில் ஒரு விஷயம். கம்பைன்டு முறையில் வைத்தால் இரண்டின் சக்தியும் சேர்ந்து பிஓஇ-க்குப் போகும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று போகும் நாளில் சுமை மிஞ்சினால் போர்ட்கள் அணையும். ரிடன்டன்ட் முறையில் வையுங்கள்.

ஏசி பற்றியும் பயமுறுத்துவார்கள். பிஓஇ-யில் போகும் 2,022 வாட் பெரும்பாலும் கூரையிலும் மேசையிலும்தான் சூடாகிறது, ஹப் ரூமில் அல்ல. அறையில் தங்குவது பெட்டியின் 1,000 வாட்டும் பவர் சப்ளையில் வீணாவதும்தான். ஒரு டன் ஏசி 3,500 வாட் வெப்பத்தை எடுக்கும். டன் கணக்கு பிரச்சினையே இல்லை. செக்யூரிட்டி இரவு எட்டு மணிக்கு அந்த ஏசியை அணைப்பதுதான் பிரச்சினை.

---

தெம்பனிஸ், செவ்வாய் இரவு 8.10

சிங்கப்பூரில் ஒரு தளவாட நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறேன். இழை முழுவதும் படித்தேன். சிஸ்கோவா அருபாவா என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் சிக்கல் முதல் பதிவின் முதல் பத்தியிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அலுவலக போன், சர்வர், ஃபயர்வால், ஷாப் ஃப்ளோர் ஃபைபர், எல்லாம் ஒரே பெட்டியில். கோரும் (எல்லாவற்றையும் இணைக்கும் நடு ஸ்விட்ச்) ஆக்சஸும் (மேசைக் கருவிகள் செருகும் ஸ்விட்ச்) ஒன்றாகக் கிடக்கிறது. மூன்றாம் மாடியில் யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் நெட்வொர்க்கிலேயே செருகி லூப் போட்டால் அதைத் தாங்க வேண்டியதும் அதே சூப்பர்வைசர், டெஸ்ட் பெஞ்ச் தகவலை சர்வருக்குக் கொண்டுபோக வேண்டியதும் அதே சூப்பர்வைசர். அந்த அறையில் தண்ணீர் புகுந்தால், ஏசி குழாய் ஒழுகினால், எல்லாம் சேர்ந்து போகும். இரண்டு சூப்பர்வைசர் போட்டாலும் அது ஒரே பெட்டி, ஒரே பேக்பிளேன் (கார்டுகள் இணையும் பின்பலகை), ஒரே அறை.

அதனால் கோரைத் தனியே பிரியுங்கள். 1 யூ பெட்டி இரண்டு, இரண்டு வேறு அறையில். ஷாப் ஃப்ளோர், சர்வர், அலுவலகம் எல்லாம் இரண்டுக்கும் ஒவ்வொரு கால் வைக்கட்டும். அதன்பிறகு ஆக்சஸ் சேசிஸா ஸ்டாக்கா என்பது சின்னக் கேள்வியாகிவிடும், எதை எடுத்தாலும் லாரி நிற்காது.

இரண்டு பெட்டியை எப்படி இணைப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு. சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ் விர்ச்சுவலில் இரண்டும் சேர்ந்து ஒரே மூளை, நிர்வகிக்க எளிது. அருபாவின் விஎஸ்எக்ஸில் இரண்டு மூளை, தகவல் மட்டும் பரிமாறிக்கொள்ளும். ஒன்றை அப்டேட் செய்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் அடுத்ததைத் தொடலாம். ஒன்றில் கன்ட்ரோல் பிளேன் (அந்த மூளை) விழுந்தால் மற்றது தன் பாட்டுக்கு நிற்கும். தொழிற்சாலைக்கு நான் இரண்டாவதையே விரும்புவேன். கமாண்ட் சிஸ்கோவைப் போலவே இருக்கும், உங்கள் ஆட்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

---

மருத்துவமனை_நெட், செவ்வாய் இரவு 9.40

தெம்பனிஸ் சொன்னது சரி. எங்கள் 9410ஆர்-உம் ஆக்சஸ் மட்டும்தான், கோர் தனி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

---

விலான்10, புதன் காலை 9.15

யாராவது பழைய 6509 அல்லது பயன்படுத்திய 9400 குறைந்த விலைக்கு எடுத்துப் போட்டிருக்கிறீர்களா? எங்கள் முதலாளி அப்படி ஒரு கொட்டேஷன் கொண்டு வந்திருக்கிறார்.

---

பேட்ச்பேனல், புதன் காலை 10.00

லேபுக்கு என்றால் எடுக்கலாம். பெட்டியை விற்பவர் அதிலுள்ள சிஸ்கோ சாஃப்ட்வேர் லைசென்ஸைக் கைமாற்றித் தர முடியாது, ஆதரவு ஒப்பந்தம் போடும்போது அது தெரியவரும். ஆடிட் இருக்கும் நிறுவனத்துக்கு அந்த வழி வேண்டாம், தம்பி.

லைசென்ஸ் பேச்சு வந்ததால்: 9000 வரிசை புதிதாக வாங்கும்போது மூன்று, ஐந்து அல்லது ஏழு வருஷ டிஎன்ஏ (சிஸ்கோவின் நிர்வாக சாஃப்ட்வேர்) சந்தாவும் கூடவே வரும். காலம் முடிந்தாலும் அடிப்படை ஸ்விட்சிங்கும் ரூட்டிங்கும் நிற்காது, ஆனால் முதல் விலையில் அது ஏறியிருக்கும். அருபா சிஎக்ஸில் ரூட்டிங் வசதி பெரும்பாலும் பெட்டியோடே வருகிறது, சென்ட்ரல் (அருபாவின் கிளவுட் நிர்வாகம்) சந்தா வேண்டுமானால் தனி. இரண்டு கொட்டேஷனையும் முதல் நாள் விலையை வைத்து ஒப்பிடாமல் ஏழு வருஷச் செலவாக எழுதிப் பாருங்கள். அப்புறம், அருபாவின் உரிமையாளரான ஹெச்பிஇ 2025 ஜூலையில் ஜூனிப்பரை வாங்கி முடித்துவிட்டது. அருபா ஆகட்டும் ஜூனிப்பர் ஆகட்டும், நீங்கள் எடுக்கும் மாடலுக்கு விற்பனை நிறுத்த அறிவிப்பு ஏதும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

---

நொய்யல்கரை, வெள்ளி மாலை 6.30

எண்ணிவிட்டேன். 240-இல் கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையாவது உயிர் காட்டியவை 187. மிச்சம் 53 கேபிள், ஆள் மாறிய மேசைகளும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போன சாக்கெட்டுகளும். 187-இல் சர்வர், ஃபயர்வால், ஸ்டோரேஜ் 22. அதைக் கோருக்கு மாற்றினால் அலுவலக ஆக்சஸ் 165தான். நான்கு 48 போர்ட் பெட்டியில் 192. இருபத்தேழு போர்ட் கையிருப்பு.

240 போர்ட் வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். கொட்டேஷன் கேட்கும்போதும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பழைய பெட்டியின் அளவைத் தேவையின் அளவு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது அறைக்கும் இடம் பார்த்தோம். இரண்டாம் ஷாப் ஃப்ளோரின் எலெக்ட்ரிகல் பேனல் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஹப் ரூமிலிருந்து கேபிள் வழி 180 மீட்டர். செம்பு அங்கே எட்டாது, 100 மீட்டரோடு அதன் கதை முடிந்தது. சிங்கிள் மோட் ஃபைபர் இழுக்கிறோம், இரண்டு வேறு பாதையில்.

முடிவு இப்படி. கோருக்கு அருபா 8360 இரண்டு, ஓர் அறைக்கு ஒன்று, விஎஸ்எக்ஸ். அலுவலகத்துக்கு 6300எம் நான்கு, இரண்டிரண்டாக இரண்டு ஸ்டாக். ஐந்தாவது ஒன்று அலமாரியில். பெட்டியிலுள்ள நான்கு எஸ்எஃப்பி குழிகளில் இரண்டு ஸ்டாக்குக்கு, இரண்டு கோருக்கு. 6300எஃப் விலை குறைவுதான், ஆனால் அதில் பவர் சப்ளையைக் கழற்ற முடியாது, அதனால் எம். ஒரு தளத்தின் ஆக்சஸ் பாயின்டுகளை இரண்டு ஸ்டாக்குக்கும் ஒன்று விட்டு ஒன்றாகப் பிரிக்கிறோம், ஒரு ஸ்டாக் அப்டேட் ஆகும்போதும் அந்தத் தளத்தில் வைஃபை இருக்கும்.

மொத்தத் தொகை இரண்டு சேசிஸ் கொட்டேஷனையும்விடக் குறைவாக வந்தது. மிச்சத்தில் இரண்டாவது யூபிஎஸ் கேட்டிருக்கிறேன்.

---

மின்கட்டு, வெள்ளி இரவு 7.15

அந்தப் பேனல் அறையில் பெரிய மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கிறதா? இருந்தால் கோருக்கான லைனை அந்தப் பஸ்பாரிலிருந்து எடுக்காதீர்கள். ரேக்குக்குத் தனி எர்த் போடச் சொல்லுங்கள், பேனல் எர்த்தோடு ஒரே புள்ளியில் சேர வேண்டும்.

---

நொய்யல்கரை, வெள்ளி இரவு 7.40

இருக்கிறது சார். நாளைக்கே எலெக்ட்ரீஷியனிடம் சொல்கிறேன். நன்றி.

---

மருத்துவமனை_நெட், வெள்ளி இரவு 8.30

ஸ்டாக் கேபிளை வளையமாகக் கட்டுங்கள், இரண்டு பெட்டிதானே என்று ஒற்றைக் கேபிளோடு விடாதீர்கள். மாற்றும் ஞாயிறன்று பேட்ச் கேபிள் ஒவ்வொன்றுக்கும் பழைய போர்ட் எண், புதிய போர்ட் எண் இரண்டையும் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். 165 கேபிள், நான்கு மணி நேரம், இரண்டு பேர். சனிக்கிழமையே ஒட்டி முடித்தால்தான் சரிவரும்.

---

மில்_ஐடி, வெள்ளி இரவு 10.05

நல்ல முடிவு அண்ணா. ஒன்று கேட்கலாமா? எங்கள் 4507ஆர்+இ மாற்ற இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். உங்கள் பழைய பெட்டியின் ஃபேன் ட்ரேயையும் ஒரு சூப்பர்வைசரையும் எங்களுக்குத் தர முடியுமா? விலை சொல்லுங்கள், கொடுக்கிறோம்.

---

நொய்யல்கரை, சனி காலை 9.10

முடியும் தம்பி. ஸ்கிராப் விலைக்கு பில் போட அக்கவுன்ட்ஸில் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். மார்ச் மூன்றாவது ஞாயிறு மாற்றுகிறோம், திங்கள் ராஜபாளையத்துக்கு பார்சலில் ஏற்றிவிடுகிறேன். பவர் சப்ளை இரண்டும் வேண்டுமா? அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது.

---

மில்_ஐடி, சனி காலை 9.25

வேண்டும் அண்ணா. நானே வண்டி எடுத்துக்கொண்டு கோவை வருகிறேன். அந்த ஞாயிறு உங்களோடு நின்று கேபிள் மாற்றவும் உதவுகிறேன்.